விவாத இழை: பின்லாந்தின் பழைய காட்டுக் கதைகளில் வேட்டைத் தொழில் எவ்வளவு?

#1 | வெண்பனி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்து எடுத்திருப்பது பின்லாந்தின் தேசிய காப்பியமான கலேவலாவின் மூன்று பாடல்கள். 13இல் லெம்மின்கைனன் என்ற வீரன், ஹீசி என்ற காட்டுச் சக்தியின் எல்க் மானை, பனியில் வழுக்கிச் செல்லும் ஸ்கீ பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு துரத்துகிறான். 14இல் காட்டுத் தெய்வமான தாப்பியோவிடம் வேண்டிக்கொண்டு ஒருவழியாகப் பிடிக்கிறான். 46இல் முதுபாடகனான வைனாமொயினன் கரடியைக் கொன்றுவிட்டு, அந்தக் கரடியையே விருந்தாளியாக ஊருக்கு அழைத்து வருகிறான். உதயணன் என்ற ஆர். சிவலிங்கம் 1994இல் கொண்டுவந்த தமிழாக்கத்தை வைத்துப் படிக்கிறோம்.

பாட்டாக ரசிக்க முடிகிறது. வேலை எப்படி நடந்தது என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு ஆள் ஸ்கீயில் போய் எல்க்கை எட்டிப் பிடிப்பது நடக்கிற காரியமா, வெறும் வீரப்பேச்சா? இடது ஸ்கீக்கு ஒரு பெயர், வலது ஸ்கீக்கு ஒரு பெயர் எதற்கு? கரடியைக் கொன்றவர்களே அதனிடம் "நான் கொல்லவில்லை" என்று ஏன் பாடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நீளம் பரவாயில்லை.

#2 | காட்டுவழி

நடக்கிற காரியம்தான். ஆனால் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே.

மார்ச் பிற்பாதியிலும் ஏப்ரலிலும் பகல் வெயில் பனியின் மேற்புறத்தை இளக்கும், இரவுக் குளிர் அதை மறுபடி இறுக்கும். சில நாள் இப்படியே போனால் மேலே கெட்டியான பொருக்கு படியும். ஸ்கீயில் நிற்பவனின் எடை இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் பரவுவதால் பொருக்கு அவனைத் தாங்கும். எல்க்குக்கு 300 முதல் 500 கிலோ எடை, அத்தனையும் நான்கு குளம்புகளில் இறங்குகிறது. ஒவ்வொரு எட்டுக்கும் பொருக்கு உடைந்து கால் ஆழமாகப் போய்விடும். உருவி எடுக்கும்போது உடைந்த விளிம்பு முன்னங்காலின் தோலைக் கிழிக்கும். முக்கால் மீட்டருக்கு மேல் பனி கிடந்தால் வயிறும் தட்ட ஆரம்பிக்கும். அந்த நிலையில் விடாமல் பின்தொடர்பவனுக்கு மிருகம் களைத்து நின்றுவிடும்.

ஜனவரியின் தூள்பனியில் கணக்கு தலைகீழ். ஸ்கீயோடு மனிதன் முழங்கால் வரை புதைவான். எல்க் தன் நீண்ட கால்களால் சாவகாசமாக நடந்து போய்விடும்.

பொருக்குக் காலத்திலும் தவறுகிற இடங்கள் உண்டு. முதலாவது நேரம். விடியுமுன் கிளம்ப வேண்டும். உச்சிவேளைக்கு மேல் பொருக்கு இளகி மனிதனும் புதைவான், ஈரப்பனி ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது நிலம். அடர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் கீழே வெயில் விழாததால் பொருக்கு கட்டாது, கிளைகள் தடுப்பதால் பனியும் குறைவாகவே இருக்கும். எல்க் அதற்குள் புகுந்துவிட்டால் துரத்தல் முடிந்தது. அதனால்தான் வேட்டைக்காரன் அதைத் திறந்த சதுப்புவெளிப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போவான். 13ஆம் பாடலில் எல்க் சதுப்புகளையும் திறந்த முற்றங்களையும் கடந்து ஓடுவதைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

#3 | தேவதாரு

ஸ்கீ பற்றிய கேள்விக்கு என் பதில்.

பழைய பின்னிய (பின்லாந்து நாட்டு) ஸ்கீ ஜோடியில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. இடது கால் ஸ்கீக்கு லூலு என்று பெயர். நீளமானது, மூன்று மீட்டர் வரை போகும். வேலை வழுக்கிச் செல்வது மட்டும். வலது ஸ்கீயான கல்ஹு குட்டையானது, அடியில் எல்க் தோலோ கலைமான் தோலோ போர்த்தியிருக்கும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னால் தள்ளும்போது வழுக்கும், பின்னால் உதைக்கும்போது பனியைப் பற்றும். ஆக, வலது காலால் உதைப்பது, இடது காலில் நின்று வழுக்குவது. கையில் கோல் ஒன்றே ஒன்று. மற்றக் கை வில்லுக்கோ ஈட்டிக்கோ வேண்டும்.

லூலு செய்ய ஏதோ ஒரு பைன் மரம் போதாது. சாய்ந்து வளர்ந்த பைன் தன்னை நிமிர்த்திக்கொள்ளத் தண்டின் கீழ்ப்பக்கத்தில் கெட்டியான, செந்நிறமான கட்டையை வளர்க்கும். அந்தப் பகுதியை அடிப்பக்கமாக வைத்துச் செதுக்கினால் சீக்கிரம் தேயாது, ஈரத்தை உறிஞ்சாது. குறை என்னவென்றால் அது நொறுங்கும் தன்மை உள்ளது, காயும்போது முறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டால் ஸ்கீ வளைந்து ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பாடல் இதைச் சரியாகச் சொல்கிறது. ஸ்கீ செய்யும் லூலிக்கி ஒரு இலையுதிர்காலம் முழுக்க லூலுவைச் செதுக்குகிறான், ஒரு குளிர்காலம் முழுக்கக் கல்ஹுவைக் குடைகிறான். கோலின் தண்டுக்கு ஒரு நாள், நுனி வளையத்துக்கு இன்னொரு நாள். விலையும் உண்டு: தண்டுக்கு ஒரு நீர்நாய்த் தோல், வளையத்துக்கு ஒரு செந்நரித் தோல். பிறகு லெம்மின்கைனன் வெண்ணெயும் கலைமான் கொழுப்பும் தடவுகிறான். ஈரப்பனி ஒட்டாமல் இருக்கத்தான் அந்தக் கொழுப்பு.

#4 | ஏட்டுச்சுவடி

மேலே இருவரும் எழுதியது அருமை. பாடத்தைப் பற்றி ஒன்றைச் சேர்க்காவிட்டால் வாசிப்பு வழிதவறிவிடும்.

கலேவலா ஒரே பாடகர் பாடியது அல்ல. கயானி ஊரில் மருத்துவராக இருந்த எலியாஸ் லன்ரோட், கிழக்கு எல்லைக்கு அப்பாலுள்ள வியேனா கரேலியா முதலிய இடங்களில் சேகரித்த பாடல்களைத் தைத்து 1835இல் முதல் பதிப்பையும் 1849இல் பெரிய பதிப்பையும் வெளியிட்டார். முதலாவது 32 பாடல்கள், 12,078 அடிகள். இரண்டாவது 50 பாடல்கள், 22,795 அடிகள். அவருக்குப் பாடியவர்களில் மிகச் சிறந்தவர் லத்வயார்வி ஊரின் அர்ஹிப்பா பெர்த்துனன். 1834இல் லன்ரோட் அவரைச் சந்தித்தார். தைக்காத மூலப் பாடல்கள் பின்னிய இலக்கியக் கழகத்தின் பெருந்தொகுப்பில் இருக்கின்றன. 1908க்கும் 1948க்கும் இடையே 33 தொகுதிகள், 1997இல் இன்னொரு தொகுதி.

எல்க் துரத்தல் அந்த மூலப் பாடல்களில் எப்படி முடிகிறது தெரியுமா? எல்க் தப்பிவிடுகிறது. அவ்வளவுதான். ஸ்கீக்காரன் பெயரும் எல்லா வடிவங்களிலும் லெம்மின்கைனன் அல்ல. "என் ஸ்கீயிலிருந்து தப்பக்கூடிய நாலுகால் பிராணி இந்தக் காட்டில் இல்லை" என்று அவன் பெருமையடிக்கிறான். ஹீசிக்கு அது கேட்டுவிடுகிறது. உடனே காட்டில் கிடப்பவற்றைக் கொண்டே ஒரு எல்க்கைச் செய்து விடுகிறான்: வில்லோ மரக் கவட்டையில் கொம்பு, வேலிக் கழியில் முதுகு, காய்ந்த புல்லில் நரம்பு, குளத்து அல்லியில் கண்ணும் காதும், ஸ்ப்ரூஸ் பட்டையில் தோல், உளுத்த மரத்தில் சதை. 14ஆம் பாடலில் வரும் வேண்டுதல்களும் வெற்றியும், வேட்டை மந்திரங்களிலிருந்து லன்ரோட் எடுத்துக் கோத்தவை. உங்கள் வட்டத்தில் 13ஐத் தனியாகவும் 14ஐத் தனியாகவும் படிப்பது நல்லது. இரண்டும் வேறு வேறு வகைப் பாட்டு.

ஹீசியைப் பிசாசு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மிக்கேல் அக்ரிகோலா என்ற திருச்சபையாளர் 1551இல் விவிலியச் சங்கீதங்களின் தன் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் பழைய தெய்வங்களைப் பட்டியலிட்டார். கரேலியர் பட்டியலில் ஹீசி காட்டுப் பிராணிகள் மேல் வெற்றி தருபவன். நூர்கெஸ் அணில் தருபவன், ஹித்தவைனன் புதரிலிருந்து முயல் கொண்டுவருபவன். அணில் சிறிய விஷயமல்ல. அணில் தோல் வரியாகவும் பணமாகவும் ஓடிய நாடு அது, 40 தோல் கொண்ட கட்டு ஒரு கணக்கு அலகு. ஹீசி முழுக்கப் பேயானது பின்னாளில்.

#5 | வெண்பனி

மிக்க நன்றி. எல்க்கைக் கட்டி வைத்த பிறகு அது திமிறிக்கொண்டு ஓடும்போது லெம்மின்கைனனின் ஸ்கீ, கோல், ஈட்டி எல்லாமே முறிகின்றனவே? எல்லாம் ஒரே நேரத்தில் முறிவது கதைக்காகச் சொன்னதா? "ஓக் மரத் தொழுவம்" என்று ஒரு வரியும் வருகிறது. அவ்வளவு வடக்கே ஓக் வளருமா?

#6 | தேவதாரு

முறிகிற இடங்களைக் கவனியுங்கள். லூலு, வார் கோக்கும் துளையில் முறிகிறது. கல்ஹு குதிகால் நிற்கும் இடத்தில். கோல், வளையம் கட்டிய இடத்தில். ஈட்டி, அலகைச் சொருகிய இடத்தில். நான்கும் உண்மையிலேயே பலவீனமான இடங்கள். பழைய ஸ்கீயில் பாதம் வைக்கும் பகுதி மேடாக இருக்கும், அந்த மேட்டில் குறுக்கே துளையிட்டுத்தான் தோல் வார் கோப்பார்கள். துளை இட்ட இடத்தில் கட்டையின் இழை அறுபடுகிறது. கோபத்தில் முழு எடையையும் போட்டு உதைத்தால் அங்கேதான் விடும். பாடியவர்கள் ஸ்கீ ஒடிந்து பார்த்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓக் விஷயம்: பின்லாந்தில் ஓக் தென்மேற்குக் கரையோரத்தில்தான் இயற்கையாக வளரும். அதே இடத்தில் வரும் மேப்பிள் முளையும் அப்படியே, மேப்பிளும் தெற்கத்திய மரம். பாட்டில் அவை வருவது மோனைக்காக. பின்னிய மொழியில் ஓக் தொழுவம் "தம்மினன் தர்ஹா", மேப்பிள் முளை "வாஹ்தெரினன் வாயா". எட்டசை அடியில் மோனை இல்லாமல் பாட்டு நிற்காது. எனவே மரத்தின் பெயரை நம்பாதீர்கள், முறிவின் இடத்தை நம்புங்கள்.

#7 | வடமீன்

கரடி விசயத்தை, அந்தக் காலத்து வேட்டை எப்பிடி எண்டதை, நான் எழுதுறன்.

கரடி அக்டோபர், நவம்பர் அளவிலை குகைக்குள்ளை போய், ஏப்ரல் மட்டும் வெளியிலை வராது. குகை எண்டால் பாறைக்குகை எண்டு நினைக்க வேண்டாம். கனதரம் பழைய பெரிய எறும்புப் புற்றைத் தோண்டி, இல்லாட்டி விழுந்த மரத்தின்ரை வேருக்குக் கீழை, பாசியும் ஸ்ப்ரூஸ் குச்சியும் போட்டுப் படுக்கும். வேட்டைக்காரருக்கு வேலை தொடங்குறது முதல் பனி விழுந்த கிழமையிலை. தடம் கண்டவர் அதுக்குப் பின்னாலை நேரே போகமாட்டார். போனால் கரடி எழும்பி வேறை இடம் தேடிப் போயிடும், பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அது ஒழுங்காய்ப் படுக்காது. அவர் அந்தப் பகுதியைப் பெரிய வட்டமாய் ஸ்கீயிலை சுத்தி வருவார். உள்ளுக்குப் போன தடம் இருக்கு, வெளியிலை வந்த தடம் இல்லை எண்டால் கரடி வட்டத்துக்குள்ளை. பிறகு வட்டத்தைச் சுருக்குறது. அந்த வட்டம் கண்டவருக்குச் சொந்தம், மற்றவை கைவைக்க ஏலாது. விலைக்கு விக்கவும் செய்வினம்.

கொல்லுறது நடுக்குளிரிலை, பனி ஆழமாய்க் கிடக்கேக்கை. குகை வாயிலை மரக்கம்புகளைக் குறுக்கை விட்டுக் கரடி ஒரேயடியாய்ப் பாயாமல் தடுத்து, பிறகுதான் எழுப்பினம். ஈட்டிக்காரர் ஈட்டியின்ரை அடியை நிலத்திலை ஊண்டிப் பிடிப்பார். கரடி தன்ரை பாரத்தாலையே அலகிலை ஏறும். கையாலை குத்திச் சமாளிக்கிற எடை இல்லை அது. இதிலை பிழைக்கிற இடம் எண்டால், எழும்பி நிக்காமல் தாழப் பாய்ஞ்சு வாற கரடி. அலகு தோளெலும்பிலை பட்டு வழுக்கிடும். அதாலைதான் ரெண்டாம் ஆள் கோடாலியோடை பக்கத்திலை நிக்க வேணும்.

செத்த உடனை பாட்டு மாறும். "நான் உன்னைக் கொல்லேல்லை, கிளையிலை இருந்து நீயே வழுக்கி விழுந்தாய்" எண்டு 46ஆம் பாட்டிலை வாறது இதுதான். அதின்ரை பேரைச் சொல்லமாட்டினம். ஒத்ஸோ, கொந்தியோ, தேன்பாதம் எண்டு செல்லப் பேருகள்தான். கரடி பிறந்த கதையும் பாடுவினம்: வானத்திலை சப்தரிசி மண்டலத்தின்ரை தோளிலை பிறந்து, வெள்ளிச் சங்கிலி கட்டின பொன் தொட்டிலிலை பூமிக்கு இறக்கினது எண்டு. பிறகு ஊருக்குக் கொண்டுபோய் விருந்து. சாராயம், பியர், பட்டாணிக் கூழுக்குள்ளை கரடி இறைச்சி. முடிவிலை மண்டையோட்டை ஊர்வலமாய்க் கொண்டுபோய்க் குறிச்ச ஒரு பைன் மரத்திலை ஏத்தினம். வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புறது, அடுத்த வருசமும் வரச்சொல்லி.

#8 | ஏட்டுச்சுவடி

வடமீன் சொன்னதற்குச் சாட்சியங்கள் உண்டு. 1640இல் துர்க்கு நகரில் பல்கலைக்கழகம் திறந்தபோது பிஷப் ஈசாக் ரொத்தோவியஸ் ஆற்றிய உரையில் இதைக் கடிந்து பேசினார்: கரடியைப் பிடித்தவர்கள் இருட்டில் விருந்து வைத்து, அதன் மண்டையோட்டிலிருந்து குடித்து, கரடிபோல உறுமுகிறார்களாம், வேட்டைப் பேறு கிடைக்க வேண்டி. கண்டிக்கத்தான் சொன்னார். நமக்கு அது விவரமாகக் கிடைத்திருக்கிறது. விருந்தின் படிகளை விளக்கும் இன்னொரு பழைய பதிவு வீதசாரி என்ற ஊரைச் சேர்ந்தது. அதில் இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் மணமக்களாக அலங்கரிக்கப்பட்டு அமர்கிறார்கள். அதாவது கரடியின் கல்யாணம்.

46ஆம் பாடலில் வைனாமொயினன் மூக்கு, காது, கண், நெற்றி, மூஞ்சி, நாக்கு, பல் என்று வரிசையாக எடுப்பதை வாசகர்கள் கொடூரம் என்று கடந்துவிடுகிறார்கள். அது விருந்தில் தலையைப் பிரிக்கும் வரிசை. கரடியின் மோப்பமும் செவியும் பார்வையும் எடுத்தவனுக்கு வருகின்றன, அடுத்த கரடிக்கு அவை குறைகின்றன.

வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் வழக்கத்தை இதோடு குழப்ப வேண்டாம். பேர் ஃபியெல்ஸ்ட்ரெம் என்பவர் 1755இல் எழுதிய விவரணையில், திரும்பி வரும் வேட்டைக்காரர்கள் மேல் பெண்கள் ஆல்டர் மரப்பட்டையை மென்று சிவந்த சாற்றை உமிழ்கிறார்கள், பித்தளை வளையத்தின் வழியாகத்தான் அவர்களைப் பார்க்கிறார்கள். எலும்புகளைச் சேர்த்துப் புதைக்கிறார்கள். மண்டையோடு மரத்தில் ஏறுவது பின்னியர், கரேலியர் பக்கம்.

#9 | சிலேட்டுக்குச்சி

எல்லாவற்றுக்கும் தொழில் விளக்கம் கொடுத்துவிட்டால் நம்பிக்கைக்கு இடம் எங்கே? "நான் கொல்லவில்லை" என்பது பயத்தில் சொன்ன பொய் என்றுதானே ஆகிவிடும்?

#10 | காட்டுவழி

பொய் என்று நான் பார்க்கவில்லை. அந்த வேட்டைக்காரனுக்குப் பொருக்கைப் பார்ப்பதும் தாப்பியோவிடம் கேட்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். தட்டையான தலையோடு குட்டையாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்குத் தாப்பியோவின் மேசை என்று பெயர், முதல் வேட்டையில் ஒரு பங்கு அங்கே வைக்கப்படும். பொறிகளின் வரிசையைச் சுற்றிவர நாள்கணக்கில் ஆகும். ஒருவன் பொறியிலிருந்து இன்னொருவன் எடுப்பது ஊரே வெறுக்கும் குற்றம். காவலுக்கு ஆளில்லாத காட்டில் அந்த ஒழுங்கைக் காத்தது காட்டுக்கு உரியவர் பார்க்கிறார் என்ற எண்ணம். அதை எடுத்துவிட்டால் தொழில் நடக்காது.

#11 | வெண்பனி

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இன்னொரு கேள்வி: இரவுத் தீயருகே காட்டுப்பெண் வரும் கதைகள், ஆளைக் காடு மூடிக்கொள்ளும் கதைகள். அந்தத் தீயே புரியவில்லை. ஒருவன் தனியாகக் கடுங்குளிரில் விடியவிடியத் தூங்குகிறான் என்கிறார்கள், விறகு போடுவது யார்?

#12 | காட்டுவழி

யாரும் போட வேண்டியதில்லை. அது ரக்கோவல்கெயா என்ற இரட்டைக்கட்டைத் தீ. பின்னியக் காட்டு வாழ்க்கையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன்.

நின்றபடியே செத்துக் காய்ந்த பைன் வேண்டும். பட்டை உதிர்ந்து சாம்பல் நிறமாக நிற்கும், கோடாலியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே உளுத்திருக்கிறது, விட்டுவிடுங்கள். கனம் 20 முதல் 30 செ.மீ. இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் படுப்பவரின் உயரத்தைவிடச் சற்று நீளம், அதாவது இரண்டு முதல் இரண்டரை மீட்டர். ஸ்ப்ரூஸ் ஆகாது. வெடித்துப் பொறி பறக்கும், போர்வை எரியும்.

ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கத்தை நீளவாக்கில் தட்டையாகச் செதுக்குங்கள். செதுக்கும்போது சீவல்களை முழுக்க வெட்டியெடுக்காமல் சிலும்பி நிற்க விட வேண்டும், தீ அவற்றில்தான் பற்றும். பனியை நிலம் வரை மிதித்து அமுக்கி, இரண்டு பச்சைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் முதல் கட்டையைத் தட்டைப்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். இரண்டு முனைகளிலும் விரல் கனத்தில் பச்சை மர ஆப்பு. அதன்மேல் இரண்டாவது கட்டை, தட்டைப்பக்கம் கீழே. உருளாமல் இருக்க முனைகளில் பச்சை முளைகளை அடித்துக்கொள்ள வேண்டும். இடைவெளி முழுநீளத்துக்கும் பிர்ச் பட்டையும் பிசின் ஏறிய பைன் சிம்பும் திணித்து, நீளம் முழுக்க ஒரே நேரத்தில் பற்றவையுங்கள். நடுவில் மட்டும் பற்றவைத்தால் நடுப்பகுதி எரிந்து கட்டை இரண்டாகும், முனைகள் குளிர்ந்தே கிடக்கும்.

ஒழுங்காக அமைந்தால் இரவு முழுக்க எரியும். இரண்டு தட்டைகளும் ஒன்றையொன்று சூடாக்குவதால்தான் அணையாமல் நிற்கிறது. இடைவெளி அகன்றுவிட்டால் சூடு பரிமாறாமல் தீ சாகும், ஒட்டிவிட்டால் காற்றில்லாமல் புகையும். ஆப்பை உள்ளே தட்டியும் வெளியே இழுத்தும் சரிசெய்யலாம்.

படுக்கும் சாய்ப்பு தீக்கு இணையாக, ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில். காற்று பக்கவாட்டில் வீச வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வீசினால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் சாய்ப்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று புகையை உள்ளே இழுத்துவிடும். கீழே ஸ்ப்ரூஸ் கிளைநுனிகள் ஒரு சாண் கனத்துக்குக் குறையாமல். மேலே தீ இருந்தும் விறைத்துப்போவது பெரும்பாலும் கீழேயிருந்து ஏறும் குளிரால்தான்.

#13 | வடமீன்

அந்தத் தீயடிக்குத்தான் காட்டுப்பெண் வாறது. முன்னாலை பார்த்தால் நல்ல வடிவு, பின்பக்கம் பார்த்தால் கோறையான உளுத்த மரம். தீக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறவருக்கு அவவின்ரை முன்பக்கம்தான் தெரியும், திரும்பிப் போகேக்கைதான் விசயம் விளங்கும். வேறை ஒரு வகைக் கதையிலை, வேட்டைக்காரர் தன்ரை கோட்டை ஒரு மரக்கட்டைக்குப் போர்த்திப் படுக்கையிலை வைச்சிட்டுத் தான் ஒளிச்சிருப்பார். இரவு வாறது கட்டையிலை பாயும், அவர் சுடுவார். இதிலை சூட்சுமம் எல்லாம் காட்டுவழி எழுதின படுக்கையின்ரை அமைப்புத்தான். ஆள் படுக்கிற இடம் எது, கண் தெரியிற பக்கம் எது எண்டு தெரிஞ்சால்தான் கதை ஓடும்.

படுக்க முதல் இடத்துக்குரியவரிட்டை அனுமதி கேக்க வேணும் எண்டது பொது விதி. கேட்டுப் படுத்தவரை ஆபத்து வரேக்கை ஒரு குரல் எழுப்பும். கேளாமல் படுத்தவருக்கு விடியுமட்டும் நித்திரை இல்லை.

காடு மூடுறது வேறை. மெத்சன்பெயித்தோ எண்டு சொல்லுவினம். ஆளோ மாடோ பழகின காட்டுக்குள்ளையே மறைஞ்சு போறது. அகப்பட்டவருக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் மாறித் தெரியும், குருவிச் சத்தம் இருக்காது, வாய் திறந்து கூப்பிட வராது. தேடுறவை பக்கத்தாலை போனாலும் மாட்டைக் கல்லாய், அடிக்கட்டையாய்த்தான் காணுவினம். வெளியிலை வர வழி: உடுப்பை உள்பக்கம் வெளியிலை வரப் புரட்டிப் போடுறது, சப்பாத்தைக் கால் மாறிப் போடுறது, குனிஞ்சு காலுக்கு இடையாலை பார்க்கிறது. ஒண்டும் சரிவராட்டில் மந்திரம் தெரிஞ்ச தியெத்தயாவைக் கூப்பிட்டுக் காட்டைக் கட்டுவினம், விடுமட்டும்.

#14 | சிலேட்டுக்குச்சி

வழி தவறிய மனிதன் பதற்றத்தில் சுற்றிச் சுற்றி வருவதைத்தானே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

#15 | காட்டுவழி

மனிதனுக்கு ஓரளவு பொருந்தும். நின்று, உட்கார்ந்து, கோட்டைக் கழற்றிப் புரட்டிப் போட்டு, சப்பாத்தை மாற்றுவதற்குள் பதற்றம் இறங்கிவிடும். குனிந்து தலைகீழாகப் பார்த்தால் பழகிய மலைமுகடு புதிய கோணத்தில் தெரியும். வழி தவறியவன் செய்ய வேண்டிய முதல் காரியமும் நடக்காமல் நிற்பதுதானே. ஆனால் மாட்டுக்கு இந்த விளக்கம் ஒட்டாது. மாடு காணாமல் போனது பால், வெண்ணெய், குளிர்கால உணவு எல்லாம் போனது. அங்கே காட்டைக் கட்டுவது உரிமை கேட்கும் வழக்கு மாதிரி: எங்களுடையது உன்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடு. இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைக்க முயல வேண்டாம்.

#16 | ஏட்டுச்சுவடி

இன்னொரு வகையைத் தொடாமல் விட்டோம்: எதிரியைக் காட்டை வைத்தே தோற்கடிக்கும் வீரக்கதைகள். இதில் தலையாயவன் லௌருக்கைனன். வடக்கில் பின்னியரும் சாமியரும் சொல்லும் கதைகளில் கிழக்கிலிருந்து வரும் கொள்ளைக்காரர்கள் அவனைப் பிடித்து வழிகாட்டச் சொல்கிறார்கள். அவன் வழிகாட்டுகிறான். ஒரு கதையில் படகுகளை அருவிக்கு நேராக விட்டுவிட்டுத் தான் பாறையில் தாவுகிறான். ஒன்றில் ஏரித் தீவில் அவர்களை இறக்கிப் படகுகளோடு போய்விடுகிறான். வழிகாட்டி இரவில் தீப்பந்தத்தோடு முன்னே போய், செங்குத்துப் பாறை விளிம்பில் பந்தத்தைக் கீழே எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கதையும் வடக்கில் பரவலானது. பந்தத்தைப் பார்த்தே வருகிறவர்கள் நேராக விழுகிறார்கள்.

கலைமான் சறுக்குவண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி ஓட்டுவது வடக்கின் பழைய வழக்கம். ஒவ்வொரு மானின் கயிறும் முன்வண்டியின் பின்புறத்தில் கட்டியிருக்கும். நன்மை, ஒரு ஆள் பல வண்டிகளை ஓட்டலாம். முதல் வண்டி விளிம்பைத் தாண்டினால் மற்றவற்றையும் இழுத்துவிடும் என்பது அதன் அபாயம்.

இக்கதைகளின் பின்னே உண்மையான எல்லைச் சண்டைகள் உண்டு. பின்லாந்தை ஆண்ட சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும் 1570 முதல் 1595 வரை நடந்த போரில் இரு பக்கமும் ஊர்களை எரித்தன. 1589 கிறிஸ்துமஸில் வெசைனன் தலைமையில் பின்னிய விவசாயிகள் ரஷ்யப் பக்கத்துப் பெத்சமோ மடாலயத்தை அழித்தார்கள். எனவே கொள்ளைக்காரன் எப்போதும் கிழக்கிலிருந்துதான் வந்தான் என்று கதையை வைத்து வரலாறு எழுதக்கூடாது. கதை சொன்னவர்கள் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள்.

#17 | வெண்பனி

இவற்றிலிருந்து அச்சு நாவலுக்கு எப்படி வந்தார்கள்? அலெக்ஸிஸ் கிவியின் ஏழு சகோதரர்களை இதே வரிசையில் வைக்கலாமா?

#18 | ஏட்டுச்சுவடி

தாராளமாக. 1870இல் வந்த நாவல் அது. விமர்சகர் ஆகுஸ்த் ஆல்க்விஸ்த் அதை மிகக் கடுமையாகத் தாக்கினார், கிவி 1872இலேயே இறந்துவிட்டார். சகோதரர்கள் எழுத்துப் படிக்க மாட்டாமல் யுக்கொலா வீட்டை விட்டு இம்பிவாரா காட்டுக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் தரையில் பரப்பிய வைக்கோலில் தீப்பற்றிக் குடில் எரிகிறது. சட்டையோடு பனியில் வீடு நோக்கி ஓடுகிறார்கள், பின்னே ஓநாய்கள். பிறகு ஹீசியின் பெயர் கொண்ட பெரும்பாறை மேல் சிக்கிக்கொள்கிறார்கள், சுற்றிலும் வியெர்தொலா பண்ணையின் காளைகள்.

நாட்டுப்புறக் கதையிலிருந்து இது பிரியும் இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகப் பிடித்த இடம். லெம்மின்கைனன் தப்பினால் கதை அடுத்த சாகசத்துக்குப் போய்விடும். கிவியிடம் சுட்ட காளைகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்காகக் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் தானியம் விதைக்கிறார்கள். வெட்டிய மரம் சரியாகக் காயாமல் எரித்தால் மண் சூடேறாது, வேர் சாகாது. தாழ்வான சதுப்போரம் விதைத்தால் ஆகஸ்ட் உறைபனி கதிரைக் கருக்கிவிடும். இந்த உழைப்பையே கிவி சாகசமாக எழுதினார். 1866 முதல் 1868 வரையிலான கொடும் பஞ்சம் முடிந்து இரண்டே ஆண்டில் வந்த புத்தகம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பைன் உட்பட்டையைக் காயவைத்து, வறுத்துக் கசப்பெடுத்து, இடித்து ரை என்ற தானியத்தின் மாவில் கலந்து தின்ற காலம்.

#19 | வடமீன்

வெண்பனி, பிள்ளையளுக்கும் ஏதும் வாசிக்கிறதெண்டால் ஏரோ சல்மெலைனன் 1852 தொடக்கம் 1866 மட்டும் வெளியிட்ட நாட்டுக்கதைத் தொகுப்பு வழியாய்ப் போங்கோ. கரடி வாலாலை மீன்பிடிக்கப் போன கதை அந்த நாட்டிலை எல்லாருக்கும் தெரிஞ்சது. நரி சொன்னதைக் கேட்டுப் பனிக்கட்டித் துளைக்குள்ளை வாலை விட்டுக்கொண்டு இருக்கும், துளை உறைஞ்சு வால் அறும். கடுங்குளிரிலை துளையைக் கிளறிக்கொண்டே இருக்காட்டில் அது திரும்ப மூடிப்போகும். மீன்பிடிக்கிறவை கோடாலியைப் பக்கத்திலை வைச்சிருக்கிறது அதுக்குத்தான்.

#20 | வெண்பனி

எல்லோருக்கும் நன்றி. 13ஐத் தனியாகவும் 14ஐத் தனியாகவும் எடுக்கிறோம். ஒரு கடைசிச் சந்தேகம்: லெம்மின்கைனன் முதல் உதையில் கண்ணுக்கு மறைகிறான், இரண்டாம் உதையில் காதுக்கு எட்டாத தூரம், மூன்றாம் உதையில் எல்க்கின் பின்தொடைக்கு வந்துவிடுகிறான். வாசிக்கும்போது இதை எந்த வேகத்தில் சொல்வது?

#21 | தேவதாரு

மெதுவாக. கல்ஹுவால் உதைப்பது ஒரு நொடி, லூலுவில் வழுக்குவது நீளம். கீழ்நோக்கிச் சரியும் இறுகிய பொருக்கில் ஒரே உதைக்கு வெகுதூரம் போகும். ஒவ்வொரு உதைக்கும் பிறகு மூச்சுவிட இடம் கொடுத்துப் படியுங்கள். சமையல் கலம் கவிழ்ந்து, இறைச்சி சாம்பலில் விழுந்து, நாய்கள் குரைத்து, பிள்ளைகள் அழுது, பெண்கள் சிரிக்கும் பகுதிக்கு மட்டும் வேகம் கூட்டலாம். அங்கே ஓடுவது எல்க்.